மீந்த பாடமா தத்துவம்?

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால், எங்களைப் போல ஊர் ஊராக அலைகிறவர்களின் கைபேசி இரண்டு மூன்று வாரத்துக்கு ஓயாது. "அண்ணே, பி.காம். முடிஞ்சுபோச்சு. இங்கிலீஷும் இல்லையாம். பிலாசபின்னு ஒண்ணு மட்டும் காலியா இருக்குன்னு சொல்றாங்க. எடுக்கவா, வேணாமா?" என்று ஒரு பையன் கேட்பான். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வரும்: "அதப் படிச்சா என்ன வேலைன்னு கேளுடா மொதல்ல."

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. நூறு நாள் வேலைக்குப் போய், ஆட்டுக்குட்டி விற்று, மகளிர் குழுவில் கடன் எடுத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? அதற்குப் பதில் சொல்லாமல் தத்துவத்தின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பதில் இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் வருகிறது. அதற்கு முன் அந்தப் பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் நம் பிள்ளைகளில் பலர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதில் சேர்கிறார்கள். தெரியாமலே வெளியேயும் வந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 150-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் தத்துவத் துறை என்று ஒன்றே கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, 1909-ல் எஸ். ராதாகிருஷ்ணன் ஆசிரியராகச் சேர்ந்த துறை அது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருக்கிறது. தென்பக்கம் வந்தால், மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் இருக்கிறது. கத்தோலிக்கக் குருவாகப் போகிறவர் தத்துவம் படித்தே ஆக வேண்டும். இந்தப் பாடம் சில இடங்களிலாவது மூடப்படாமல் உயிரோடு இருப்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மற்ற இடங்களில், கலந்தாய்வு வரிசையில் எல்லாப் பாடமும் நிரம்பிய பிறகு கடைசியில் நிரம்புகிற பாடங்களில் ஒன்றாக அது இருக்கிறது. வரிசையின் கடைசியில் யார் நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் நம் பிள்ளைகள்தான்.

மீந்த சோற்றை வாங்கித் தின்ன வைக்கப்பட்ட சமூகத்துக்குப் படிப்பிலும் மீதியா என்று கோபம் வரலாம். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் இந்த மீதியைப் பிரித்துப் பார்த்தால், மற்ற எதையும்விட நீண்ட காலம் நமக்குப் பூட்டி வைக்கப்பட்டிருந்த அறை இதுதான் என்று தெரிகிறது. நிலத்தில் வேலை செய்ய நம்மை அனுமதித்தார்கள். பறை அடிக்க, பிணம் சுட, ஊர்ச் செய்தி சொல்ல அனுமதித்தார்கள். எது உண்மை, எது நீதி, எதை வைத்து அதைத் தெரிந்துகொள்கிறோம் என்று உட்கார்ந்து வாதிட மட்டும் அனுமதித்ததில்லை.

'அபாவம்' என்ற அளவை

இளங்கலைத் தத்துவம் மூன்று ஆண்டு, ஆறு பருவம். எல்லா இளங்கலையையும் போலத் தமிழும் ஆங்கிலமும் உண்டு. முதன்மைப் பாடங்களாக அளவையியல், அறவியல், இந்தியத் தத்துவம், மேலைத் தத்துவம், சமயத் தத்துவம், சமூக அரசியல் தத்துவம் ஆகியவை வரும். கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். இவற்றில் நம் பிள்ளைகள் பயந்து ஓடுவது அளவையியலைக் கண்டுதான். கணக்கு மாதிரி இருக்கிறது என்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

தனிக்குவளை, பொதுக் குளம், பொது மயானம் என்று ஏதாவது ஒரு பிரச்சினைக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். எத்தனையோ முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "அந்த ஊர்ல அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க. இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை." நம் ஆட்கள் அதைக் கேட்டுக் கொதிப்பார்கள், அல்லது குனிந்துகொள்வார்கள். அந்த வாக்கியத்தில் என்ன பிசகு என்று எடுத்துச் சொல்ல நாக்கு எழாது. பிசகு இருப்பது தெரியும். அதற்குப் பெயர் தெரியாது.

அந்தப் பிசகை இந்தியத் தருக்கவாதிகள் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளைக் காணவில்லை என்பதை வைத்து அது இல்லை என்று முடிவு கட்டலாமா? இதுதான் கேள்வி. மேசை மேல் செம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். நல்ல வெளிச்சம். கண் பழுதில்லை. செம்பும் கண்ணுக்குத் தெரியக்கூடிய அளவுள்ள பொருள். பார்த்தேன், தெரியவில்லை. எனவே செம்பு இல்லை என்றால் சரி. இதையே இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியவில்லை, எனவே இல்லை" என்று சொன்னால்? இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமல் போனால்தான், காணாமை இன்மைக்குச் சான்றாகும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த அறிஞர் தருமகீர்த்தி இந்த நிபந்தனையை அழுத்தமாக வைக்கிறார். மீமாம்சகர்களில் ஒரு பிரிவினரும் அத்வைதிகளும் இந்தக் காணாமையைத் தனி அளவை என்றார்கள். பௌத்தர்கள் இது அனுமானத்தில் அடங்கும் என்றார்கள். அந்தச் சண்டை பல நூற்றாண்டு நடந்தது.

இப்போது வட்டாட்சியர் அலுவலக மேசைக்குத் திரும்புவோம். புகார் வரவில்லை, எனவே தீண்டாமை இல்லை. இந்த வாதம் நிற்க வேண்டுமானால், தீண்டாமை இருந்திருந்தால் புகார் வந்திருக்கும் என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். நிறுவ முடியுமா? புகார் கொடுக்க வேண்டியவர் யாரிடம் கூலிக்குப் போகிறார்? யாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்? காவல் நிலையத்துக்குப் போகிற சிற்றுந்தில் அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்? புகாருக்கு ரசீது கிடைக்குமா? எதிர்ப்புகார் ஒன்று மறுநாளே வருமா வராதா? இது இருட்டறை. இருட்டறையில் செம்பு தெரியவில்லை என்கிறார்கள். இதைத் தெளிவாக, குரல் உயர்த்தாமல், நான்கு வாக்கியத்தில் எடுத்துவைக்கிற ஓர் இளைஞர் அந்த அறையில் இருந்தால் பேச்சுவார்த்தையின் திசையே மாறும். நியாயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் "புகார் இல்லை" என்று எழுதிவிட்டு எழுந்து போவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சரக்கும் அல்ல. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் அளவைவாதி பட்டியலிடுகிற பத்து அளவைகளில் 'அபாவம்' என்று ஒன்று வருகிறது. இல்லாமையை அறிவது என்று பொருள். 29-ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு முழு அளவையியலையே பாடமாக எடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று ஒரு வாதத்தின் உறுப்புகளைப் பிரிக்கிறார். அவை ஒவ்வொன்றிலும் வரும் போலிகளை வகைவகையாக அடுக்குகிறார். அதில் 'சுவசன விருத்தம்' என்று ஒரு போலி உண்டு. சொல்கிறவனின் சொல்லே சொல்கிறவனை மறுப்பது. என்னைப் பெற்ற தாய் மலடி என்று ஒருவன் சொல்வதைப் போல. "நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்லீங்க, எங்க தெரு வழியா மட்டும் பிணம் கொண்டுபோகாதீங்க" என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் சுவசன விருத்தம்தான். தமிழ் முதுகலை வகுப்புகளில் இந்தக் காதையைத் தேர்வுக்கு வராது என்று தாண்டிப்போகிற வழக்கம் உண்டு. காப்பியத்தின் உச்சம் அங்கே இருக்க, நாம் பளிக்கறை வருணனையோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

மணிமேகலை அந்த வகுப்பில் எப்படிப் போய் உட்கார்ந்தாள் என்பதும் கவனிக்க வேண்டியது. கணிகையர் குலத்தில் பிறந்தவள், இளம்பெண். அந்த உருவத்தில் போனால் சமயவாதிகள் தங்கள் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்பதால், தவசியாக உருமாறித்தான் வஞ்சியில் ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். பிறப்பும் பாலினமும் வகுப்பறைக் கதவை மூடிய கதை தமிழில் அவ்வளவு பழையது. அதே காப்பியத்தில் ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனதற்காக அடிபடுகிறான். அவன் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். அவன் அழவில்லை. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்களாகச் சொல்லப்படும் முனிவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவர்களை உங்கள் குலத்தார் என்று ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று கேட்கிறான். எதிராளி ஏற்றுக்கொண்ட சான்றை வைத்தே எதிராளியை மடக்குவது. இதற்கும் அளவையியலில் இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தராசு நம் பக்கத்து வாதங்களையும் நிறுக்கும். "நம்ம சாதி அதிகாரி வந்துட்டார், இனி நியாயம் கிடைக்கும்" என்ற வாதத்தை நிறுத்துப் பாருங்கள். நமக்குள்ளேயே இன்னொரு பிரிவினரைப் பற்றி "அவங்க நமக்கு ஒரு படி கீழ" என்று சில வீடுகளில் பேசுவதை நிறுத்துப் பாருங்கள். நம்மை ஊர்க்காரர்கள் ஒதுக்கப் பயன்படுத்துகிற அதே ஏதுதான் அதற்குள்ளும் இருக்கும். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான்: ஒவ்வொருவருக்கும் கீழே மிதிக்க இன்னொருவரைக் கொடுத்துவைத்திருக்கிற ஏற்பாடு.

பூட்டிய கதவின் விதியைப் படிப்பது

இந்தியத் தத்துவப் பாடத்தில் வேதாந்தம் வரும். "அதை நாம் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று நம் தோழர்களே கேட்பார்கள். எதிர்க்கிறவன்தான் நன்றாகப் படிக்க வேண்டும் என்பது என் பதில். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் அபசூத்திராதிகரணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. சூத்திரனுக்கு வேதக் கல்விக்கு உரிமை உண்டா என்பது அங்கே கேள்வி. சங்கரர் தம் உரையில் இல்லை என்று முடிக்கிறார். வேதம் கேட்ட காதில் ஈயமும் அரக்கும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதி விதியை அங்கே சான்றாகக் காட்டுகிறார். எல்லாரிடமும் இருப்பது ஒரே ஆன்மா என்று நிறுவப் புறப்பட்ட நூலுக்குள் இந்தக் கதவு இருக்கிறது. சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால், வருணத்துக்கே வெளியே தள்ளப்பட்டவர்கள் அந்த விவாதத்தில் ஒரு பேச்சாகக்கூட இல்லை. "எல்லாம் ஒண்ணுதான், ஆன்மாவுக்குச் சாதி ஏது" என்று மேடையில் யாராவது உருகும்போது, அந்த ஒருமையும் இந்த விலக்கும் ஒரே உரையில் எப்படிக் குடியிருக்கின்றன என்று நூற்பெயரும் இடமும் சொல்லிக் கேட்கக்கூடியவர்கள் நமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மேலைத் தத்துவம் படிக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், மனிதர்கள் பிறக்கும்போதே அவர்களுக்குள் பொன்னும் வெள்ளியும் இரும்பும் வெண்கலமும் கலந்து படைக்கப்பட்டார்கள் என்று மக்களிடம் ஒரு கதை சொல்ல வேண்டும் என்கிறார். கட்டிச் சொல்லும் கதை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். புருஷ சூக்தத்தை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். ஒரு வேறுபாடும் உண்டு: வெண்கலத்துக்குப் பொன் பிறந்தால் அந்தக் குழந்தையை மேலே ஏற்ற வேண்டும் என்கிறார் பிளேட்டோ. நம் ஏற்பாட்டில் அந்தப் படிக்கட்டும் இல்லை. அரிஸ்டாட்டில் இயற்கையிலேயே அடிமைகளாக இருப்பவர்கள் உண்டு என்று எழுதினார். பிளேட்டோ மனிதர்களைச் சில வகைகளுக்குள் அடைத்ததை 1936-ல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எடுத்து விமரிசிக்கிறார். நால்வருணத்தைக் குணத்தின் பேரில் புதுப்பிக்கலாம் என்றவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்குப் பிளேட்டோ தேவைப்பட்டார். படித்திருந்ததால் கையில் இருந்தது.

அம்பேத்கர் பட்டம் வாங்கியது பொருளாதாரத்தில்தான். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அவரை விடவில்லை, பாரசீகம் படித்தார். 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே எடுத்த பாடங்களில் பெரும்பகுதி பொருளாதாரம். ஆனாலும் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். 'சாதி ஒழிப்பு' நூலில் அவரைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். 1954 அக்டோபர் 3-ஆம் தேதி அகில இந்திய வானொலியில் தம் வாழ்க்கைத் தத்துவம் பற்றிப் பேசும்போது, விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். அரசமைப்புச் சட்டம் எழுதியவர் என்று மட்டும் அவரைச் சிலையாக்கி நிறுத்தியிருக்கிறோம். 'இந்து மதத் தத்துவம்' என்று அவர் எழுதி, அவர் காலத்தில் அச்சேறாமல் போன ஒரு கையெழுத்துப்படி இருக்கிறது. ஒரு மதத்தை நீதி, பயன் என்ற இரண்டு உரைகல்லில் எப்படி உரசிப் பார்ப்பது என்று அதில் செய்துகாட்டுகிறார். அந்தப் பக்கங்களைப் படித்தால், சிலையின் விரல் சுட்டும் திசை இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

சான்று சொல்ல மட்டுமா?

அரசியல் சிந்தனையாளர் கோபால் குரு 2002-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தியச் சமூக அறிவியலாளர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கோட்பாடு உருவாக்குகிற இடத்தில் ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. தரவு கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் மற்றவர்கள் நிறுத்தப்படுகிறார்கள். அறிவுலகத்துக்குள்ளும் ஒரு வருணப் பிரிவு நடக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. தலித்துகள் தங்கள் அனுபவத்தைச் சொல்வதோடு நிற்காமல் கோட்பாட்டுக்குள் நுழைய வேண்டும் என்றார். பிறகு சுந்தர் சருக்கை என்ற தத்துவ அறிஞரும் அவரும் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் மறுத்தும் ஏற்றும் எழுதியவை 2012-ல் நூலாக வந்தன. அனுபவித்தவருக்குத்தான் அதைப் பற்றிக் கோட்பாடு பேச உரிமையா, மற்றவரும் பேசலாமா என்பது அவர்களின் மையக் கேள்வி.

இதைப் படித்தபோது எனக்கு நம் தெருக்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனை வினாப்பட்டியல்கள் அங்கே வந்திருக்கின்றன! கோவிலுக்குள் விடுகிறார்களா, முடி வெட்டுகிறார்களா, செருப்புப் போட்டு நடக்கலாமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! நம் பாட்டி சொன்னது அவர்கள் ஆய்வேட்டில் பின்னிணைப்பாக வந்தது. பாட்டி சொன்னதற்கு என்ன பொருள் என்பதை வேறு யாரோ எழுதினார்கள். கவிதை எழுது, தன்வரலாறு எழுது, வலியைச் சொல் என்று நம்மைக் கேட்கிறார்கள். சிந்தித்துச் சொல் என்று கேட்பவர்கள் குறைவு.

நமக்குச் சிந்தனை மரபு இல்லாமல் இல்லை. அயோத்திதாசர் 1845-ல் பிறந்து 1914-ல் மறைந்தவர். சித்த மருத்துவர். 1898-ல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 ஜூன் 19 முதல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை நடத்தினார். ஓராண்டு கழித்து அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். அதில் அவர் செய்த பெரிய வேலை சொற்களைப் பிடித்து உலுக்கியது. பிராமணன் என்றால் யார்? யதார்த்த பிராமணன் யார், வேஷ பிராமணன் யார்? பறையன் என்ற பெயரை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள்? அவர் சொன்ன சொல்லாராய்ச்சிகள் சிலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. தமிழ் படித்தவன் என்ற முறையில் அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு சொல்லை அப்படியே விழுங்காமல், அதன் பொருளை யார் நிர்ணயித்தது என்று கேட்பது தத்துவத்தின் அடிப்படை வேலை. அதே 1907-ல் அவர் வட்டத்தைச் சேர்ந்த அறிவியல் பேராசிரியர் பி. லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1948-ல் அது மறுபதிப்பு கண்டபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

அந்த வேலை இன்றும் மிச்சமிருக்கிறது. 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. நல்ல அறிவிப்பு. பெயர் போனால் பொருள் போகுமா, பெயர் போன பிறகு ஊருக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள அந்த நானூறு அடியை எப்படிச் சுட்டுவது, சுட்டச் சொல் இல்லையென்றால் எதிர்ப்பது எப்படி என்று நம் இளைஞர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். பட்டம் இல்லாமலேயே தத்துவம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

இனி வேலை. ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தத்துவம் தனிப்பாடமாக இல்லை. ஆகவே தமிழ், கணிதம், வரலாறு படித்தவர்களைப் போலப் பட்டம், பி.எட்., பள்ளி ஆசிரியர் என்கிற நேர்வழி இதில் கிடையாது. வாத்தியார் வேலைதான் குறி என்றால் வேறு பாடம் எடுங்கள். கல்லூரி ஆசிரியராக முதுகலை, அதன்பின் நெட் அல்லது செட், முனைவர் பட்டம் என்று நீண்ட பாதை. துறைகளே குறைவு என்பதால் பணியிடங்களும் குறைவு. நெட் தேர்வில் தத்துவ வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகாமல் அந்தப் பக்கம் போக முடியாது. முதலாண்டிலிருந்தே தினமும் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் படியுங்கள். கஷ்டம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற இடங்களில் இந்தப் பட்டமும் மற்ற பட்டங்களுக்குச் சமம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2-ல் பல பதவிகள், வங்கித் தேர்வுகள், குடிமைப் பணித் தேர்வு எல்லாம் அப்படித்தான். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். அதன் பாடத்திட்டத்தில் சாதிப் பாகுபாடு, காந்தியும் அம்பேத்கரும் என்று ஒரு தலைப்பே இருக்கிறது. 2013 முதல் பொதுத் தாள்களில் அறவியலுக்கு என்று 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் வேறு வந்துவிட்டது. விடைகளைத் தமிழில் எழுதலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், தத்துவம் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போங்கள் என்பேன். வன்கொடுமை வழக்குகளில் நாம் தோற்பது எப்போதும் சாட்சி இல்லாமல் அல்ல. சாட்சியத்தைக் கோத்து வாதமாக்க ஆள் இல்லாமலும் தோற்றிருக்கிறோம். மூன்றாண்டு அளவையியலும் அறவியலும் படித்த ஒருவர் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை.

சேருவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: பட்டம் தமிழ்வழியா, ஆங்கிலவழியா? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தருகிற சட்டம் 2010 முதல் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குப் பட்டம்தான் தகுதி என்றால் பள்ளிப் படிப்பு, பட்டம் இரண்டுமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, தெரியாமல் ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்ந்து, பட்டம் தகுதியாக உள்ள தேர்வுகளில் அந்த முன்னுரிமையை இழந்தவர்கள் உண்டு. ஆங்கிலவழியை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்படிப்பு நோக்கம் என்றால் அதுவே நல்லது. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்க்கைக்கு முன்பே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுபோகும். சென்னைக்குப் போகிறவர்கள் விடுதிக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற இடங்களில் இடம் கிடைத்தால்தான் பல குடும்பங்களுக்குச் சென்னை கட்டுப்படியாகும்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது என்றால், அதற்குள் மணிமேகலையின் 27, 29 இரண்டு காதைகளையும் உரையோடு படித்துப் பாருங்கள். முதல் தடவை பாதிதான் புரியும். புரிந்த பாதியைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.